செந்நாய் வேட்டையும் கொல்லாமையும்

மானினத்தைக் காத்தற்பொருட்டுச் செந்நாயைக் கொல்லுதல் அருட்செயலேயாம் என்பர் ஒருசாரார். நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்க 1879-ஆம் ஆண்டிற் சட்டம் பிறந்தது. கடமானும் புள்ளிமானும் காக்கப்பட்டன. செந்நாயைக் கொன்றார்க்கோ வெகுமதிப் பணம் வழங்கப்பட்டது. அக்காவல் யார்பொருட்டு? வேட்டையாளர்தம் துப்பாக்கிக்கு மான் குறையாதிருத்தற்பொருட்டேயாம். இஃது அருளாமாறு யாங்ஙனம்?

அற்றேல், மானின்பால் மெய்யிரக்கமுடையார் செந்நாயைக் கொல்லின் என்னையெனின், கூறுதும். ஊனுண்ணும் உடம்பு அதற்கு வினைக்கீடாக இறைவனாற் கூட்டப்பட்டது. இலையுந் தழையும் உண்டு அஃது உயிர்வாழாது. பசியாற் கொல்லும் விலங்கின்மேற் குற்றஞ் சுமத்தி, விதிவிலக்கறியும் மனிதன் கொலை புரிதல் முறையன்று. அன்றியும், கொல்வாரின்றி மான் அளவிறந்து பெருகுமாயின், புல்லுந் தளிரும் அற்று அவ்வினமே பசியான் மடியும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் செந்நாயையும் காப்பிற்குட்படுத்திற்று. ஊர்புகுந்து ஆளைக் கொல்லும் புலியின் செய்தி வேறு. அது குடிகாக்கும் அரசின் கடமைக்கட் படும்.