மீனுக்கும் மூச்சு முட்டும்: குட்டையில் பட்டதும் கண்ணாடித் தொட்டியில் செய்ததும்

போன புரட்டாசியில் ஒரு விடியற்காலை. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவன் பண்ணைக்குட்டைக் கரையிலேயே நின்னுட்டேன். கட்லாவும் ரோகுவும் வெள்ளை வயிறு தெரிய மிதந்து கிடந்தன. உயிரோடு இருந்தவை தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்து பிளந்து மூடின. பத்து மாதம் வளர்த்த மீன். அரைக்கிலோ, முக்கால் கிலோ இருக்கும். தீபாவளிக்குப் பிடித்து விற்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.

எனக்கு வந்த முதல் நினைப்பு மேலத்தோட்டத்து அண்ணன் மேல்தான். முந்தின நாள்தான் அவர் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார். காற்றில் மருந்து நம்ம பக்கம் வருகிறது என்று எங்களுக்குள் ஏற்கெனவே வாய்த்தகராறு உண்டு. நேரே போய், "ஏண்ணே, கடைசியில என் மீன்லயே கைய வச்சுட்டீங்களா"ன்னு கேட்டுட்டேன். அவர் முகம் செத்துப்போச்சு. "தம்பி, நேத்து அடிச்சது கீழக்காத்து. மருந்து உன் பக்கம் வந்திருக்கவே வழியில்ல"ன்னார். நான் காதில் வாங்கவில்லை.

செத்த மீனை அள்ள வலைக்கார மாமாவைக் கூப்பிட்டோம். ஊர்க்குளத்தில் நாற்பது வருஷமாக வலை போடுகிறவர். வலையை இழுத்ததும் அடியில் கிடந்த நாலு விரால் துள்ளியது. ரெண்டு தேளியும் நெளிந்தது. அவை வெள்ளத்தில் தானாக வந்து சேர்ந்தவை. மாமா என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, மருந்து விழுந்திருந்தா விரால் இப்படித் துள்ளுமா? செத்ததெல்லாம் பெரிய கெண்டை. பொடிக்கெண்டை ஓடிக்கிட்டிருக்கு பாரு. மருந்துன்னா பொடிதான் முதல்ல போகும். இது மூச்சு முட்டிச் செத்தது. நேத்து குட்டையில என்ன கொட்டுன?"

கொட்டியது நான்தான். ஒரு டிரெய்லர் பச்சைச் சாணம், ஒரே நாளில்.

தண்ணீரில் காற்று எவ்வளவு?

மீன் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செவுள் வழியாக எடுக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது சுமார் 8 மில்லிகிராம்தான். முப்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். தண்ணீர் சூடாக ஆக இது இன்னும் குறையும். 30 டிகிரியில் ஏழரைக்குப் பக்கம் வந்துவிடும். கெண்டை வகைகளுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 3க்குக் கீழே போனால் திணறல். 1க்குக் கீழே போனால் சாவு.

விரால், தேளி, பனையேறிக் கெண்டைக்கு மட்டும் மேலே வந்து நேரடியாகக் காற்றை எடுத்துக்கொள்ளும் உறுப்பு உண்டு. அதனால்தான் அவை பிழைத்தன. வலைக்கார மாமா பள்ளிக்கூடம் போகாமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்.

ராத்திரியில் என்ன நடக்கிறது?

குட்டைத் தண்ணீர் பச்சையாக இருப்பது நுண்பாசியால். பகலில் வெயில் பட்டால் பாசி ஆக்சிஜனை வெளியே விடும். சாயங்காலம் தண்ணீரில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். இருட்டினால் அந்த உற்பத்தி நின்றுவிடும். அப்புறம் மீன், பாசி, சேற்றில் இருக்கும் நுண்ணுயிர் எல்லாமே எடுக்கிற பக்கம்தான். எடுத்து எடுத்து, விடியற்காலையில் இருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு மூன்று நாளாக மூடாப்பு. பகலிலும் வெயில் இல்லாததால் வரவு குறைவு. அந்த நேரம் பார்த்து நான் பச்சைச் சாணத்தைக் கொட்டினேன். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகி, இருந்த கொஞ்ச ஆக்சிஜனையும் இழுத்துக்கொண்டன.

ஜீவாமிர்தத்தைத் தினமும் கலக்கிவிடுகிறோமே, ஏன்? உள்ளே இருக்கும் உயிர்களுக்குக் காற்று போகத்தான். மண்ணுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிற நான், தண்ணீருக்கும் அது வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். இயற்கை இடுபொருள் என்றால் எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்ற நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

நான் செய்த தப்புகள்

ஒன்று, சாணத்தை மொத்தமாகப் போட்டது. இப்போது வாரம் ஒருமுறை, மூலைக்கு ஒரு கூடை, கரைத்துத்தான் விடுகிறேன். மூடாப்பு நாளில் தொடுவதே இல்லை. போடலாமா என்று பார்க்க ஒரு வழி: முழங்கை வரை கையைத் தண்ணீரில் விடுங்கள். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பச்சை அதிகம். எருவையும் தீவனத்தையும் நிறுத்துங்கள்.

இரண்டு, மீனை நெருக்கி விட்டது. கூட்டுமீன் வளர்ப்பில் ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 குஞ்சு என்பது கணக்கு. என் குட்டை பத்து சென்ட். 400ஐத் தாண்டியிருக்கக் கூடாது. நான் விட்டது 900.

மூன்று, மாட்டுக்கு ஆகும் என்று அசோலாவை விட்டு, அது முக்கால் குட்டையை மூடும்வரை சும்மா இருந்தது. மேலே மூடிவிட்டால் காற்றும் இறங்காது, வெயிலும் இறங்காது. அசோலாவுக்குத் தனித்தொட்டி போட்டுக்கொள்வதே நல்லது.

மீன் வாய் பிளந்தால்

நேரம் கடத்தாதீர்கள். தீவனத்தை நிறுத்துங்கள். மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மழைபோல விழச் செய்யுங்கள். போர் தண்ணீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும். குழாயைக் குட்டைக்குள் முக்கி வைத்தால் பலன் இல்லை. ஆளுயரத்தில் கட்டி, துளை போட்ட தகரத்தின் மேல் கொட்டவிடுங்கள். சிதறி விழும்போதுதான் காற்று சேரும். போர் இல்லாதவர்கள் குட்டைத் தண்ணீரையே இறைத்து அதே குட்டையில் கொட்டலாம். கரண்ட் இல்லையா? நாலு பேர் இறங்கி மூங்கிலால் மேல்தண்ணீரை அடியுங்கள். அடிச்சேற்றை மட்டும் கலக்காதீர்கள். அதில் மட்காத கழிவு கிடக்கிறது. வெயில் ஏறும்வரை விடக் கூடாது.

வீட்டுக் கண்ணாடித் தொட்டி

இந்தக் கூத்தெல்லாம் முடிந்த பிறகு என் மகள் மீன்தொட்டி கேட்டாள். கடையில் உருண்டைக் கண்ணாடிக் குடுவையைக் காட்டினார்கள். வேண்டாம் என்றேன். வாய் குறுகல், காற்றும் தண்ணீரும் சந்திக்கிற இடமே கொஞ்சம்தான். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி வாங்கினோம். ஐம்பது லிட்டர் பிடிக்கும்.

ஏர் பம்ப்பில் வருகிற குமிழிதான் ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். குமிழி நேரடியாகத் தருவது கொஞ்சம்தான். அது அடித்தண்ணீரை மேலே தூக்கி, மேற்பரப்பைக் கலக்கிவிடுகிறது. பெரிய வேலை அதுதான். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் வந்துவிடும். கரண்ட் போனால் ஒரு குவளையில் மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். எங்கள் வீட்டில் அது மகள் வேலை.

புதுசாக வளர்ப்பவர்கள் தங்கமீனைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அதற்கு ஆக்சிஜனும் அதிகம் வேண்டும், கழிவும் அதிகம். நாங்கள் ஆறு கப்பி மீனோடு தொடங்கினோம். ஃபைட்டர் மீன் விரால் மாதிரி மேலே வந்தும் மூச்செடுக்கும். ஆனால் அதற்காகச் சின்ன பாட்டிலில் அடைத்து வைப்பது பாவம். தீவனம் இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். மிச்சம் அழுகினால் என் சாணக் கதைதான். தொட்டிக்குள் வைக்கும் செடியும் ராத்திரியில் ஆக்சிஜனை எடுக்கும். அதனால் ராத்திரி பம்பை நிறுத்தாதீர்கள்.

வடிகட்டும் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. அதில் நல்ல நுண்ணுயிர் குடியிருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது அதுதான். நம் மண்ணில் நடக்கும் அதே வேலை. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சைப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றுங்கள். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு விடுங்கள்.

கடைசியாக ஒன்று

மேலத்தோட்டத்து அண்ணன் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போனேன். "தப்பு எம்பேர்லதாண்ணே"ன்னு சொன்னேன். அவர் உடனே பேசிவிடவில்லை. இந்தப் பொங்கலுக்கு மிச்சம் இருந்த மீனைப் பிடித்தபோது முதல் கட்லாவை அவர் வீட்டில் கொடுத்தேன். அண்ணி வாங்கிக்கொண்டார். அவர் அடிக்கும் மருந்தைப் பற்றி எனக்கு இன்னமும் மாற்றுக்கருத்து உண்டு. அதை இனிமேல் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

குட்டை வைத்திருப்பவர்கள் மூடாப்பு நாளில் மட்டுமாவது விடியும் முன் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். மீன் மேலே வந்தால் மோட்டாரைப் போடுங்கள். அடுத்த தோட்டத்துக்காரரிடம் அப்புறம் போகலாம்.