வற் வரியும் சிறு இணைய வியாபாரியும்: மீளளிப்பு யாருக்கு?

சென்ற மழைக்காலத்தில், லக்கலவின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கையில் ஒரு கோப்புடன் என்னிடம் வந்தார். 2007இல் ஆரம்பமான மொரகஹகந்த - களு கங்கைத் திட்டத்தில் வயலையும் மிளகுக் கொடிகளையும் நீருக்குக் கொடுத்துவிட்டு வந்த குடும்பம் அது. பழைய பல்லேகம நகரமே நீர்த்தேக்கத்துக்குள் போயிற்று. புதிய காணியில் விளைச்சல் இன்னும் கைகொடுக்காததால், மாத்தளையில் மொத்தமாகப் பிள்ளைகளின் உடுப்பு வாங்கி, வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் படம் போட்டு, கூரியரில் அனுப்பி விற்கிறார்.

கோப்புக்குள் மொத்தக் கடையின் பற்றுச்சீட்டுகள். ஒவ்வொன்றிலும் "வற் 18%" என்று தனி வரி. "பாதர், இந்தப் பணத்தை அரசாங்கம் திருப்பித் தருமாம். ஒருவர் பதிவு செய்து தருவதாகச் சொல்லி 12,000 ரூபா வாங்கினார். எட்டு மாதமாகிறது" என்றார். பதிவுப் பத்திரம் என்று அவர் நீட்டிய தாளைப் பார்த்தேன். அது வற் பதிவுச் சான்றிதழ் அல்ல. வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது நாம் "டின் நம்பர்" என்று சொல்வது, வழங்கப்பட்டதற்கான கடிதம். அந்த இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களம் எவருக்கும் இலவசமாகவே கொடுக்கிறது.

இந்தச் சகோதரியைப் போல இன்று வீட்டிலிருந்தே வாங்கி விற்பவர்கள் நம்மிடையே பலர். ஆகவே இந்த வரி எப்படி வேலை செய்கிறது, விலக்கு என்றால் என்ன, மீளளிப்பு யாருக்கு என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வரி நடக்கும் பாதை

வற் என்பது பெறுமதி சேர் வரி. 1998 ஏப்ரலில் வந்த பொருட்கள் சேவைகள் வரிக்குப் பதிலாக, 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 2002 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. வீதம் பலமுறை மாறியது. 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறங்கியது. பொருளாதார நெருக்கடியின் பின் 2022இல் முதலில் 12, பிறகு 15 ஆகியது. 2024 ஜனவரி 1 முதல் 18. அதே நாளில்தான் டீசல், பெற்றோல், சமையல் எரிவாயு, கைத்தொலைபேசி போன்ற பல பொருட்களுக்கு இருந்த விலக்கும் நீக்கப்பட்டது. இணையத்தில் விற்பவருக்கு இவை எல்லாமே செலவு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாய்க்காலில் நீர் ஒவ்வொரு மதகாகக் கடந்து கடைசி வயலில் நிற்பதுபோல, இந்த வரி ஒவ்வொரு வியாபாரியின் கையாகக் கடந்து, கடைசியில் பொருளைப் பாவிப்பவர் தலையில் நிற்கிறது. பதிவு செய்த வியாபாரி தான் விற்கும்போது வரி அறவிடுகிறார்; இது வெளியீட்டு வரி. வாங்கும்போது தான் கொடுத்த வரியை, அதாவது உள்ளீட்டு வரியை, அதிலிருந்து கழிக்கிறார். மிச்சத்தையே அரசாங்கத்துக்குக் கட்டுகிறார். கொடுத்தது அறவிட்டதைவிடக் கூடினால், அந்த மேலதிகம் அடுத்த காலத்துக்குப் போகும். ஏற்றுமதியாளர் போன்றோருக்கு மீளளிப்பாகக் கையில் வரும்.

பதிவு செய்யாதவருக்கு இந்தக் கழிக்கும் உரிமை கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவரும் கடைசிப் பாவனையாளர்தான். சகோதரியின் பற்றுச்சீட்டில் இருந்த 18 சதவீதம் அவர் கையிலேயே நின்றுவிட்டது. அது திரும்பாது. டின் நம்பர் இருந்தாலும் திரும்பாது.

மூன்று வகையான "வரி இல்லை"

குழப்பம் பிறப்பது இங்கேதான். "உங்களுக்கு வரி இல்லை" என்று ஒரு உத்தியோகத்தர் சொன்னால், அதற்கு மூன்று அர்த்தங்கள் இருக்கலாம்.

முதலாவது, வியாபாரம் சிறியது என்பதால். 2024 ஜனவரி முதல் பதிவுக்கான எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா புரள்வு, அல்லது ஒரு காலாண்டில் 15 மில்லியன். நாளொன்றுக்குச் சராசரியாக 164,000 ரூபாவுக்கு விற்றால்தான் அந்த எல்லையை எட்டலாம். 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2026 ஏப்ரலிலிருந்து இதை ஆண்டுக்கு 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தது. அப்படிப் பார்த்தாலும் நாளுக்கு 98,000 ரூபாவுக்கு மேல். நம்மில் எத்தனை பேர் அங்கே நிற்கிறோம்? இலாபமல்ல, மொத்த விற்பனையே இங்கு கணக்கு என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

இரண்டாவது, பொருளுக்கே விலக்கு இருப்பதால். இலங்கையில் விளைந்த, பதனிடாத விவசாய விளைபொருள் இதற்கு நல்ல உதாரணம். தோட்டத்தில் பறித்த விளைச்சலை அப்படியே விற்கும் விவசாயி வற் அறவிடுவதில்லை. அதை அரைத்துத் தூளாக்கி, போத்தலில் அடைத்து, பெயரொட்டி விற்றால் அது பதனிட்ட பொருள். அந்த விலக்கில் சாய்ந்து நிற்க முடியாது. அப்போதும் சிறிய வியாபாரம் என்ற முதலாவது காரணம் உங்களைக் காக்கும்.

இந்த இரண்டிலும் ஒரு முள் உண்டு. நீங்கள் அறவிடுவதில்லை; ஆனால் வெற்றுப் போத்தலுக்கும், அச்சடித்த பெயரொட்டிக்கும், கூரியருக்கும் நீங்கள் கொடுத்த வரியை எவரிடமும் கேட்கவும் முடியாது. விலக்கு என்ற சொல் சலுகைபோல ஒலித்தாலும், வரி பொருளின் உள்ளே ஒளிந்துதான் இருக்கிறது.

மூன்றாவது பூச்சிய வீதம். பொருட்களின் ஏற்றுமதி இதில் அடங்கும். வரி வீதம் 0. அத்துடன் பதிவு செய்த ஏற்றுமதியாளர் தான் கொடுத்த உள்ளீட்டு வரி முழுவதையும் மீளக் கேட்கலாம். உண்மையான மீளளிப்பு என்பது பெரும்பாலும் இவர்களுக்கே உரியது. இவர்களுக்காக 2011 முதல் இருந்த எளிமைப்படுத்தப்பட்ட வற் முறை 2025 ஒக்டோபர் 1ஆம் திகதி நிறுத்தப்பட்டு, இப்போது முதலில் வரியைக் கட்டிவிட்டு மீளப் பெறும் முறை வந்திருக்கிறது. பெரிய ஏற்றுமதியாளர்களே பணம் தாமதிக்கும் என்று கவலைப்பட்டார்கள் என்றால், 12,000 ரூபாவுக்கு மீளளிப்பு வாங்கித் தருவதாக ஊருக்கு வருபவரைப் பற்றி நான் என்ன சொல்ல?

இங்கே மிளகு விற்பவர்களுக்கு ஒரு இடைச்சொல். ஏற்றுமதிக்கு வாங்கும் நிறுவனத்தின் ஆள் "வற் கூடிவிட்டது, ஆகவே விலையைக் குறைக்கிறோம்" என்றால், ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் நிறுவனம் வற் பதிவு செய்ததா? பதிவு செய்திருந்தால், பொதிக்கும் அச்சுக்கும் கொடுத்த வரி அவர்களுக்குத் திரும்பும். உங்களிடம் வாங்கும் பச்சை மிளகுக்கோ காய்ந்த மிளகுக்கோ நீங்கள் வற் அறவிடவே இல்லை. விலை குறைய வேறு காரணம் இருக்கலாம்; இது அந்தக் காரணமல்ல.

விரும்பிப் பதிவு செய்தால்?

எல்லைக்குக் கீழே இருப்பவரும் விரும்பினால் வற் பதிவு கேட்கச் சட்டம் இடமளிக்கிறது. "அப்படியானால் நானும் பதிவு செய்து வரியைக் கழித்துக்கொள்ளலாமே" என்று அந்தச் சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. மேசையில் கடதாசியைப் போட்டு அவருடைய கணக்கையே இருவரும் எழுதிப் பார்த்தோம்.

அவர் ஒரு தடவையில் 100 உடுப்புகள் வாங்குகிறார். விலை 100,000 ரூபா, வற் 18,000; மொத்தம் 118,000. ஒன்றை 1,500 ரூபாவுக்கு விற்று 150,000 எடுக்கிறார். கூரியர் செலவை வாங்குபவர் கொடுக்கிறார். கையில் மிஞ்சுவது 32,000.

இனி அவர் பதிவு செய்தவர் என்று வைப்போம். வாங்குபவர்கள் வீட்டுத் தாய்மார். 1,500க்கு மேல் தரமாட்டார்கள். ஆகவே அந்த 1,500க்குள்ளேயே 18 சதவீதம் அடங்க வேண்டும். 150,000ஐ 1.18ஆல் வகுத்தால் 127,119 அவருக்கு, 22,881 வரி. அதிலிருந்து ஏற்கனவே கொடுத்த 18,000ஐக் கழித்து 4,881 ரூபாவைக் கட்டுகிறார். மிஞ்சுவது 27,119. 18,000 ரூபாவைத் "திரும்பப் பெற்றதால்" அவர் 4,881 ரூபாவை இழக்கிறார்! பதிவு செய்யாத ஒருவரிடம் அதே 118,000க்கு வாங்கியிருந்தால் நிலை இன்னும் மோசம். கழிப்பதற்கு ஒன்றுமில்லை, 22,881 முழுவதையும் கட்ட வேண்டும், மிஞ்சுவது 9,119.

இதோடு வேலையும் கூடும். ஒவ்வொரு மாத வரியும் அடுத்த மாதம் 20ஆம் திகதிக்கு முன், விபரத்திரட்டு வரிக்காலம் முடிந்த அடுத்த மாத இறுதிக்குள், விற்பனையே இல்லாத காலத்திலும். தவறினால் தண்டப்பணம். சகோதரி கடதாசியை மடித்து வைத்துவிட்டார்.

பதிவு பயன்படும் இடமும் உண்டு, மறைக்கக் கூடாது. உங்களிடம் வாங்குபவர் வற் பதிவு செய்த நிறுவனமாக இருந்தால், உதாரணமாகச் சீகிரியா, தம்புள்ள பக்கத்து ஹோட்டல் ஒன்று உங்களிடம் தொடர்ந்து வாங்கினால், நீங்கள் விலைக்கு மேலே சேர்க்கும் 18 சதவீதம் அவர்களுக்குச் சுமையல்ல. அவர்கள் அதைக் கழித்துக்கொள்வார்கள். நீங்களும் உங்கள் உள்ளீட்டு வரியைக் கழிக்கலாம். தனித்தனியாக அல்லாமல் சங்கமாகச் சேர்ந்து பெரிய அளவில் விற்பவர்களும், நேரடியாக ஏற்றுமதி செய்ய எண்ணுபவர்களும் இதை ஒரு கணக்காளருடன் பேசிப் பார்ப்பது நல்லது.

இணையத்தில் விற்பதற்குத் தனிச் சட்டமா?

நமது நாட்டில் பதிவு எல்லையைப் பொறுத்தவரை பெட்டிக்கடையும் பேஸ்புக் கடையும் ஒன்றே. இந்தியாவில் அப்படி இருக்கவில்லை. அங்கே 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, இணையச் சந்தை நிறுவனங்கள் மூலம் பொருள் விற்கும் எவரும், ஆயிரம் ரூபாவுக்கு விற்றாலும், பதிவு செய்தே ஆக வேண்டும் என்றிருந்தது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கும் கடைக்காரருக்கு 40 இலட்சம் வரை பதிவு வேண்டாம். அதே பொருளை இணையத்தில் வைத்தால் முதல் நாளே பதிவு. சிறியவர்களின் நீண்ட முறைப்பாட்டின் பின், 2023 ஒக்டோபர் 1 முதல், தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டு உறவினர் சொல்வதைக் கேட்டு, அல்லது இந்திய யூடியூப் பார்த்து, "இணையத்தில் விற்றால் கட்டாயம் பதிவு" என்று நம்மவர் சிலர் பயப்படுவதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

செய்யக் கூடாததும் கேட்க வேண்டியதும்

பதிவு செய்யாத நீங்கள், உங்கள் பற்றுச்சீட்டில் "வற்" என்று ஒரு சதமும் எழுதி அறவிடக் கூடாது. கடைக்காரர் எழுதினாரே, நானும் எழுதினால் என்ன என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அது சட்டவிரோதம். கொடுத்த வரியை விலைக்குள்ளேயே சேர்த்து விலையைத் தீர்மானியுங்கள்.

மறுபுறம், உங்களிடம் வற் அறவிடும் கடை உண்மையில் பதிவு செய்ததா என்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பற்றுச்சீட்டில் வற் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். அது டின் நம்பரைத் தொடர்ந்து வழக்கமாக 7000 என்று முடியும். இலக்கமே இல்லாமல் 18 சதவீதம் கேட்டால் கொடுக்காதீர்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசியில் விசாரிக்கலாம். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977. பதிவு எல்லை இன்று எவ்வளவு என்பதையும் 1944இலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எவருக்கும் தரகுப் பணம் தேவையில்லை.

"அப்படியானால் இந்தப் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடவா, பாதர்?" என்று அவர் கோப்பைக் காட்டிக் கேட்டார். எறிய வேண்டாம் என்றேன். வருமான வரி வேறு கணக்கு. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1.8 மில்லியன் ரூபா வரையான தனிநபர் வருமானத்துக்கு அந்த வரி இல்லை. ஆனால் எவராவது "நீ மாதம் 150,000 உழைக்கிறாய்" என்று பேஸ்புக் பக்கத்தைப் பார்த்துச் சொன்னால், அதில் 118,000 வாங்கிய செலவு என்று காட்ட இருப்பது அந்தத் தாள்கள்தான். திரும்பி வராத 18,000 ரூபாவும் செலவுதான். இப்போது அவர் ஒரு அப்பியாசக் கொப்பியில் இரண்டு நிரல் போட்டு எழுதுகிறார்: வாங்கியது, விற்றது. கூரியர் துண்டுகளைப் பின் அட்டையில் ஒட்டுகிறார்.