மதுச்சாலையில் விஞ்ஞானம்

1998ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், டங்கன் டல்லஸ் என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் 'கஃபே சியான்டிஃபிக்' என்ற விஞ்ஞானக் கூட்டங்களைத் தொடங்கினார். 1992இல் பாரிஸில் மார்க் சோத்தே தொடங்கிய தத்துவக் கூட்டங்களே இவற்றிற்கு முன்மாதிரி. இங்கே மக்கள் விரிவுரை மண்டபத்தை நாடிச் செல்வதில்லை. அவர்கள் பொழுதுபோக்கும் காப்பிக்கடைக்கும் மதுச்சாலைக்கும் நிபுணரே வருகிறார்.

அவர் சுமார் 20 நிமிஷம் பேசுவார். திரையில் படங்கள் காட்டுவது அரிது. பின்னர், கோப்பைகளை நிரப்பிக்கொள்ளச் சிறிது இடைவேளை. எஞ்சிய நேரம் முழுவதும் கேள்விகளுக்கே உரியது. இடைவேளையில் அயலாருடன் பேசித் தயக்கம் நீங்கியவர், பிறகு துணிந்து வினவுகிறார். கேட்டவர் எதனை விளங்கிக்கொண்டார், எதனை ஐயுறுகிறார் என்பது அவ்வினாவிலேயே புலப்படும்.

கிராம ஊழியரும் ஆசிரியரும் இம்முறையை மரத்தடியிலும் வகுப்பறையிலும் கைக்கொள்ளலாம். அதற்கு மதுச்சாலை வேண்டுவதில்லை. உரையைச் சுருக்கும் மனம் வேண்டும்.