ஜடை தெரிகிற படம்

நம்மூர்ப் பெண்பிள்ளை முதன்முதலாகத் தனியே ஒரு படத்தில் நிற்பது அநேகமாகச் சடங்கன்றுதான். பூ தைத்த ஜடை கண்ணாடியில் தெரியும்படி நிறுத்தி எடுப்பார்கள். வயசுக்கு வந்ததற்கான ஊர் அறிவிப்பு அது. இப்போது ஃபிளெக்ஸாகி ஒரகடம் சாலையோரத்திலும் நிற்கிறது. அதில் அவள் பார்ப்பதில்லை, பார்க்கப்படுகிறாள். ஸ்டூடியோக்காரர் யாரும் கேட்காமலே ‘கொஞ்சம் கலர் தூக்கி’க் கொடுப்பார். அவள் நிறம் திருத்த வேண்டிய பிழை என்பது பேசாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

இதை ஸ்டூடியோக்காரரின் ரசனை என்று ஒதுக்கிவிட முடியாது. கருவிக்குள்ளேயே நிற அரசியல் இருக்கிறது. 1950களிலிருந்து அமெரிக்காவில் கோடாக் ஆய்வகங்களுக்கு ‘ஷெர்லி கார்டு’ என்ற மாதிரிப்படத்தை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக விழுந்தால் வண்ணம் சரி என்று அர்த்தம். விளைவு, பள்ளிக் குழுப்படங்களில் கறுப்புப் பிள்ளைகள் கண்ணும் பல்லுமாக இருட்டில் மறைந்தார்கள். பின்னால் ஃபிலிம் திருந்தியதற்குச் சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகள் தங்கள் சரக்கின் நிறம் சரியாக வரவில்லை என்று புகார் செய்ததும் காரணம். கோடாக்கில் வேலை பார்த்தவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளின் முகத்துக்கு இல்லாத மரியாதை மேசை நாற்காலிக்கு!

ஆகவே எதிர்ப்பும் வீட்டுச் சுவரில்தான் தொடங்கியது. தெற்கத்திக் கறுப்பர் வீடுகளில் குடும்பப் படங்கள் நிறைந்த சுவர்களைத் தங்களுக்கான கண்காட்சிக் கூடங்களாகவே வாசித்தார் பெல் ஹூக்ஸ், 1990களில். அதன் தொடர்ச்சி எனலாம், 2022இல் நியூவர்க்கில் கறுப்புச் சிறுமிப் பருவம் பற்றி நடந்த கண்காட்சி. பேர்பெற்ற கலைஞர்களின் படங்களோடு எட்டு வயதுப் பிள்ளை எடுத்த படமும் அங்கே மாட்டப்பட்டது.

நம்ம பக்கம் வருவோம். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆலைகளில் கேமராவோடு கூடிய கைப்பேசியைப் பூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள். பல ஆலைகளில் உற்பத்தித் தளத்துக்குள் அவர்கள் தங்கள் கைப்பேசியைக் கொண்டுபோக முடியாது. உள்ளே அவர்களுக்குள்ள ஒரே படம் அடையாள அட்டை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்த பெண்களைப் பத்திரிகைகள் படம்பிடித்தன. அந்தப் படங்களில் இருப்பது கூட்டம், ஆள் இல்லை. அவர்களைத் திரட்டியதென்னவோ அவர்கள் கைப்பேசிதான். சாவு வதந்தியும் அதில்தான் பரவியது, அதையும் சொல்லணும்.

மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன் பழனிக்குமார், மலக்குழித் தொழிலாளர் வாழ்வைப் பதிவு செய்தவர், தலித் பிள்ளைகளுக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் புகைப்படம் சொல்லித்தருகிறார். அவரிடம் கற்ற வியாசர்பாடிப் பிள்ளைகளின் படங்கள் 2023இல் காட்சிக்கு வந்தன. வெளியாள் வடசென்னையில் ரவுடியைத் தேடுவார். அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு வீடும் தெருவும் வேலைக்குப் போகிற அம்மாவும் கண்ணில் படும்.

கேமராவைக் கையில் கொடுத்துவிட்டால் அதிகாரம் வந்துவிடாது. எந்தப் படம் அச்சாகும், அதன் கீழே என்ன எழுதப்படும், பிரதி யாரிடம் இருக்கும் என்பதையும் பிள்ளைகளே தீர்மானிக்கணும். சுங்குவார்சத்திரத்து விடுதி ஒன்றில் இப்படி வகுப்பு தொடங்கப் போகிறவருக்குக் கேமரா கிடைத்துவிடும். வாசலில் காவலாளியிடம் என்ன சொல்லி உள்ளே போவது என்பதைத்தான் யோசித்து வைத்துக்கொள்ளணும்.