மல்லிகைப்பூவும் மைனஸ் இருபதும்

பிறந்த குழந்தை இறந்துபோனாலும் தாய்க்குப் பால் சுரப்பது உடனே நிற்காது. மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் அடிக்கும். அதை வற்ற வைக்க மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் ஊர்க் கைவைத்தியம். வெறும் நம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. 1988ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பூவை ப்ரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், பாலை நிறுத்துவதில் பூ மாத்திரைக்குச் சளைக்கவில்லை. அப்படி வற்ற வைத்த பாலுக்கு வேறொரு குழந்தை எங்காவது காத்திருக்கும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை.

பிறர் பிள்ளைக்குப் பால் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. பெற்றவள் கண்ணை மூடிவிட்டால் சித்தியோ, அத்தையோ, பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளைக்காரியோ குழந்தையை மடியில் போட்டுக்கொள்வாள். பெரும்பாலும் உறவுக்குள், சாதிக்குள். அந்தக் கொடையும் வாய் வைத்து உறிஞ்சத் தெரிந்த குழந்தைக்குத்தான் உதவியது. 34 வாரத்துக்கு முன் பிறந்ததற்கு உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் பெரும்பாலும் ஒன்றுசேர வராது. ஏழாம் மாதப் பிள்ளையைப் பஞ்சில் பொதிந்து வைத்துவிட்டு, சாமியை வேண்டிக்கொள்வார்கள். போதாக்குறைக்கு, சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைக்கும் வழக்கம் வேறு.

கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் கடினம். 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆட்சி. சாலையும் மருத்துவமும் அதற்குப் பிறகுதான் மெல்ல ஏறின. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019ல், அதன் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். அதுவரை சிக்கலான பிரசவம் என்றால் சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஓட வேண்டும்.

இதற்கிடையே வேறொரு ஏற்பாடு வளர்ந்தது. 1989ல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு அது வர 2014 ஆயிற்று. அடுத்த ஆண்டு சேலம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளுக்கும், 2016ல் ஜிப்மருக்கும் வந்தது. மலையிலிருந்து இறங்கியவர்கள் ஓடிய அதே ஊர்கள்.

கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மேகநோய் இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கிறார்கள். பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமி இல்லை என்று உறுதியான பிறகு மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். ஆறு மாதம் வரை தாங்கும். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் எண்ணும் தேதியும் இருக்கும், சாதி இருக்காது. அந்தச் சீட்டு எனக்குப் பிடித்திருக்கிறது.

கொடுப்பவர்களில் பலர் வெளியூர்க் கொடையாளிகள் அல்ல, அதே மருத்துவமனையில் பெற்றுப் படுத்திருப்பவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அதில் உண்டு. பூ கட்டச் சொல்லும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். கட்டாயம் மட்டும் கூடாது. விற்பனையும் கூடாது, தாய்ப்பாலை வணிகமாக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024ல் மறுபடி எச்சரித்தது.

குறைமாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஓரிரு மில்லியில் தொடங்குவார்கள், மூக்கு வழிக் குழாயில். கொஞ்சம் தேறியதும் பாலாடை. ஆமாம், பாட்டி வீட்டுப் பாலாடையேதான். பாட்டிலைவிட அது நல்லது என்று பச்சிளங்குழந்தைப் பிரிவில் அதையே வைத்திருக்கிறார்கள். பால்மாவு கொடுத்தால் பிஞ்சுக் குடல் அழுகும் ஆபத்து கூடும். கொடைப்பால் அதைக் குறைக்கிறது.

ஆனால் சூடாக்கும்போது நோய் எதிர்ப்புச் சத்தில் ஒரு பகுதி போய்விடும். பெற்றவளின் பால்தான் முதல் மருந்து. வங்கிப் பால் அவளுக்கு ஊறும்வரையிலான கைமாற்று. அவளுக்கு ஊற வேண்டுமானால் இரண்டு மூன்று மணிக்கொரு தரம், இரவிலும், பீய்ச்சி எடுக்க வேண்டும். கல்வராயனின் வெள்ளிமலையில் மூத்த பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவள் வாரக்கணக்கில் எங்கே படுப்பாள், என்ன சாப்பிடுவாள், புருஷனின் கூலி என்னாகும்? புதிய வங்கி ஒன்றைத் திறக்கிறோம் என்று யார் சொன்னாலும், தாய்க்குக் கட்டில் எங்கே போட்டிருக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.