மூன்று வேலைக்கு ஒரே யந்திரம்: பட்டறை வைப்போர் அறிய வேண்டியவை

சொந்தக் கையின் உழைப்பை நம்பி, பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றில் கடைசல் பட்டறை வைக்க நினைக்கிற மனிதனுக்கு, இடமும் பணமும் ஒருங்கே குறைவாயிருப்பதனால், லேத், மில்லிங், டிரில்லிங் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே யந்திரம் செய்துவிடும் என்று வியாபாரி சொல்லும் வார்த்தை மனத்தைக் கவர்வதில் ஆச்சரியமில்லை. மும்பையில் சயான் ஸ்டேஷனுக்கு மேற்கே தாராவியின் தொண்ணூறு அடி ரோடு வரையிலும், கிழக்கே சுனாபட்டி, செம்பூர் வரையிலும், கீழே பட்டறையும் மேலே மாலாவில் குடும்பமுமாக ஜீவிக்கும் நம்மவர்களில், பெரிய கம்பெனியில் டர்னராகவோ ஃபிட்டராகவோ இருந்து, கம்பெனி கதவடைத்தபின் பி.எஃப். பணத்தோடு வெளியே வந்தவர்கள் பலர். அந்தப் பணத்தின் பெரும்பகுதி யந்திரக் கடைகளுள்ள நாக்தேவித் தெருவில் ஒரே பிற்பகலில் கைமாறிவிடக்கூடியது. ஆகையால் எந்த யந்திரம் நல்லது என்ற கேள்வியோடு, எப்படி வாங்கினால் சட்டம் நம் பக்கம் நிற்கும் என்ற கேள்வியையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வது அவசியம்.

முதலில் யந்திரத்தின் சுபாவத்தைப் பார்ப்போம். கூட்டு யந்திரம் என்பது பெரும்பாலும் ஒரு சிறு லேத்தின் ஹெட் ஸ்டாக்குக்கு மேலே அல்லது பின்னால் ஒரு தூணை நிறுத்தி, அதில் மில்லிங் தலையை ஏற்றியது. லேத்தின் கிராஸ் ஸ்லைடே மில்லிங்குக்கு மேஜையாகிறது. ஆஸ்திரியாவில் எம்கோ கம்பெனி 1950களில் யூனிமேட் என்ற பெயரில் இவ்வகைக் கையடக்கமான யந்திரத்தை உலகெங்கும் பிரசித்தப்படுத்தியது. பக்கத்தில் வேறு பட்டறையே இல்லாமல், தன் வீட்டு மூலையில் பொழுதுபோக்காக ரயில் எஞ்சின் மாதிரிகள் செய்கிறவருக்கு அது மிக உகந்த சாதனமாயிருந்தது. ஆனால் தாராவியில் தனித்திருக்கும் பட்டறை ஏது? பிளாஸ்டிக் அரைக்கும் யந்திரங்களையே உள்ளூரில் செய்துகொள்ளும் பேட்டை அது. மில்லிங் வேலையை ஜாப் ஒர்க்காகக் கொடுத்து மாலைக்குள் வாங்கிக்கொள்ளக்கூடிய இடத்தில், எல்லாவற்றையும் ஒரே யந்திரத்துக்குள் அடைத்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு இல்லை.

இந்த யந்திரத்தின் குறை, தயாரிப்பாளரின் கைத்திறக் குறைவினால் மட்டும் வருவதன்று, அமைப்பிலேயே உள்ளது. மில்லிங் மேஜை அகலமாக வேண்டுமானால் லேத்தின் சென்டர் உயரத்தைக் கூட்ட வேண்டும். அதைக் கூட்டினால் கடைசல் டூல் உயரே தூக்கி நிற்கும். தூக்கி நின்றால் ஆழமாய் வெட்டும்போது அதிர்வு உண்டாகும். தூண் உருண்டையாயிருந்தால், தலையை மேலும் கீழும் நகர்த்தும்போது அது பக்கவாட்டில் சற்றே திரும்பிவிடுவதால், சிறு டிரில்லால் இட்ட துளையின் மேல் பெரிய டிரில்லைத் திரும்ப நிறுத்துவது பெரும்பாடு. இவற்றைவிட அன்றாடம் உறுத்துவது வேறொன்று: சக்கில் ஒரு நீண்ட ஜாப் ஓடிக்கொண்டிருக்கையில் வாடிக்கைக்காரர் ஒருவர் அவசரமாய் ஒரு சாவிப் பள்ளம் வெட்டக் கேட்டால், ஓடுகிற ஜாப்பைக் கழற்றியே ஆகவேண்டும், கழற்றிய ஜாப் மூன்று தாடைச் சக்கில் மறுபடி ஏறும்போது பழைய மையத்துக்கு வருவதில்லை. மோட்டார் ஒன்று எரிந்தாலோ, பல யந்திரங்களில், மூன்று வேலையும் ஒருசேர நின்றுபோகும். மாதத்தில் சில நாள் மட்டும் ஓட்டுகிறவருக்கும், பித்தளை, அலுமினியம் போன்ற மிருதுவான உலோகத்தில் சிறு சாமான் செய்கிறவருக்கும் இவை பெரிய குறைகள் அல்ல. தினக்கூலி கணக்கில் ஜாப் எடுக்கிறவருக்குப் பெரிய குறைகள்தான். அப்படிப்பட்டவர், என் அபிப்பிராயத்தில், முதலில் கனமான ஒரு லேத்தும், ஒரு பெஞ்ச் டிரில்லும் வாங்கி, மில்லிங்கைச் சில காலம் வெளியே கொடுப்பதே உத்தமம்.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஓட்டிப் பார்க்காமல் வாங்கலாகாது. ஓர் அங்குல இரும்பு ராடை டெயில் ஸ்டாக் துணையில்லாமல் சக்கில் பிடித்து, நான்கு அங்குல நீளத்துக்கு மெல்லியதாய் ஒரு கடைசல் ஓட்டச் சொல்லி, சக்கின் பக்கத்திலும் நுனியிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், ஸ்பிண்டில் நேராக நோக்குகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு டயல் கேஜை மில்லிங் ஸ்பிண்டிலில் மாட்டி மேஜைமேல் சுற்றவிட்டு முள்ளைக் கவனியுங்கள். தலையை இரண்டு அங்குலம் உயர்த்திப் பூட்டி மறுபடி பாருங்கள். புது யந்திரமானால் டெஸ்ட் சார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஜெர்மானிய நிபுணர் ஷ்லெசிங்கர் 1927இல் வகுத்த பரீட்சை முறை இன்றும் பட்டறைகளில் அவர் பெயராலேயே வழங்குகிறது; லேத்துகளுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 1878 என்ற தர நிர்ணயமும் இருக்கிறது. சார்ட் கேட்டவுடன் பேச்சை மாற்றுகிற வியாபாரியிடம் காசு கொடுக்குமுன் யோசிக்க வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். லாபத்துக்காக யந்திரம் வாங்குகிறவன் நுகர்வோன் அல்லன், ஆகவே நுகர்வோர் நீதிமன்றம் அவனுக்குத் திறவாது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இது பாதி உண்மை. மகாராஷ்டிரத்தில் லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனம், 1990இல் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் 21 லட்சம் ரூபாய் விலையுள்ள கம்ப்யூட்டர் கடைசல் யந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்து, அது தாமதமாகவும் குறைபாடுகளோடும் வந்ததென்று வழக்காடியது. மாநில நுகர்வோர் ஆணையம் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லியது. தேசிய ஆணையமோ வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று தள்ளியது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இத்தள்ளுபடியையே உறுதி செய்தது. யந்திரத்தின் குற்றங்குறை அங்கே நிர்ணயிக்கப்படவில்லை. வாங்கியவரின் தகுதியே நிர்ணயிக்கப்பட்டது. வழக்கு தோற்றபோதிலும், அத்தீர்ப்பில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய விளக்கமே இன்று சிறு பட்டறைக்காரனுக்குக் கவசமாயிருக்கிறது: டைப் மெஷின் வாங்கித் தானே அடித்துப் பிழைப்பவனும், டாக்ஸி வாங்கித் தானே ஓட்டுபவனும், சுயதொழிலால் ஜீவனம் நடத்துவதற்காகவே அதை வாங்கியவன் என்பதால் நுகர்வோனே, ஒத்தாசைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது, ஆனால் லேத்தோ ஆட்டோவோ வாங்கி முழுவதும் பிறர் கையில் ஓட்டவிட்டால் அவன் நுகர்வோனாகான். இந்த விதிவிலக்கு 2019ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. வாங்கியது வியாபார நோக்கத்துக்கே என்று வாதிடுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியிருப்பதும் நமக்கு அனுகூலம்.

பில்லை எப்படி எழுதிக்கொள்வது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று வியாபாரியிடம் தெரிவித்து, அவருடைய தேர்ச்சியை நம்பி வாங்கினால், சாமான் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாயிருக்கும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. மாறாக, நாமே ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி அதுவே வேண்டுமென்று வாங்கினால் அந்த நிபந்தனை கிடையாது. ஆகவே, “எம்.எஸ். இரும்பில் அரை அங்குலச் சாவிப் பள்ளம் வெட்டவும், மூன்றடி நீள ஷாஃப்ட் கடையவும் வேண்டும், இந்த யந்திரம் செய்யுமென்று நீங்கள் சொன்னதால் வாங்குகிறேன்” என்று கொட்டேஷன் கேட்கும் கடிதத்திலோ வாட்ஸ்அப் செய்தியிலோ எழுதி, அவர் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. குறை தெரிந்தபின் மாதக்கணக்கில் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் சாமானை ஏற்றுக்கொண்டதாகிவிடும்; தெரிந்த உடனே எழுத்தில் அறிவிப்பது உசிதம். பில் இல்லாமல் குர்லா பக்கம் வாங்கும் பழைய யந்திரத்துக்கு இந்த உரிமைகளெல்லாம் காகிதத்தில்தான்.

“வீட்டு லைனிலேயே ஓடும்” என்பது கூட்டு யந்திர வியாபாரிகளின் மற்றொரு கவர்ச்சி வார்த்தை. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும், சந்தேகமில்லை; ஆனால் வீட்டுக்கென வாங்கிய இணைப்பில் தொழில் நடத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின் கீழ், உரிய கட்டணத்தின் இரண்டு மடங்காக, தொடங்கிய நாள் தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடப்படும். தாராவி, சயான், மாதுங்கா வாசிகளுக்கு மின்சாரம் தருவது பெஸ்ட் நிறுவனம், செம்பூருக்கு வேறு கம்பெனி. அவர்கள் அனுப்பும் முதல் நோட்டீஸ் தற்காலிக மதிப்பீடுதான் என்பதால், உடனே ஆட்சேபணை எழுதிக் கொடுத்து விசாரணை கேட்கும் உரிமை உண்டு. இறுதி உத்தரவு வந்தபின் பாதித் தொகையைக் கட்டி 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். மின்சக்தியால் ஓடும் பட்டறைக்கு 1888ஆம் வருஷத்திய மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 390ஆம் பிரிவுப்படி கமிஷனரின் அனுமதியும் வேண்டும். நாம் குமாஸ்தா லைசென்ஸ் என்று அழைக்கும் பதிவுக்கு, சில ஆட்கள் மட்டுமே உள்ள சிறு இடத்தில் இப்போது தகவல் தெரிவித்தாலே போதும். ஏஜண்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பது வீண். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கும் கட்டணம் கிடையாது.

அபாயத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. கூட்டு யந்திரத்தில் ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் பெல்ட்டை மாற்ற வேண்டியிருப்பதால், மூடியைத் திரும்பத் திரும்பத் திறக்கச் சோம்பி, கழற்றிய மூடியைச் சுவரில் சாய்த்துவைக்கும் வழக்கம் தொற்றிக்கொள்கிறது. பட்டறையும் வீடும் ஒன்றாயுள்ள இடத்தில் அந்தத் திறந்த பெல்ட்டுக்கு ஓரடி தூரத்தில் குழந்தை தவழ்கிறது. தோளில் துண்டு, மணிக்கட்டில் கட்டிய காப்புக் கயிறு, கையுறை இவற்றோடு லேத்தின் முன் நிற்பது மகா விபரீதம். சுழலும் சக்கு நூலைப் பற்றினால் கையைக் கேட்காமல் விடாது. மின்சாரம் போய்த் திரும்பும்போது யந்திரம் தானாக ஓடத் தொடங்காமல் தடுக்கும் ஸ்டார்ட்டரும், கைக்கெட்டும் சிவப்பு ஸ்டாப் பட்டனும் இல்லாத யந்திரத்தை எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் தொடாதீர்கள். மழைக்காலத்தில் சயான் 24ஆம் நம்பர் ரோட்டில் தண்ணீர் தேங்குவதை அறியாதார் யார்? காலடிப் பெட்டிக்குள் மோட்டார் உள்ள லேத்தை மேடை கட்டி உயர்த்துவதும், தண்ணீர் நுழைந்தபின் மோட்டாரைச் சோதித்து உலர்த்தாமல் சுவிட்ச் போடாதிருப்பதும் உயிர் காக்கும் காரியங்கள்.

ஒத்தாசைக்கு வந்த ஆளுக்கு விபத்து நேர்ந்தால், ஆள் ஒருவரே ஆனாலும், முதலாளி நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை கட்டை விரல் முழுதும் போனால் உழைக்கும் திறனில் 30 சதவீத இழப்பென்றும், ஆள்காட்டி விரல் போனால் 14 சதவீதமென்றும், ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50 சதவீதமென்றும் கணக்கிட்டது. அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. தானே ஓட்டும் முதலாளிக்கோ இந்த நஷ்டஈடு இல்லை. வருஷத்துக்கு 20 ரூபாய் பிரீமியமுள்ள பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, ஒரு கை முற்றிலும் செயலிழந்தால் ஒரு லட்சம் தரும். ஒரு விரலுக்கு ஒன்றும் தராது. தனி விபத்துக் காப்பீடு எடுக்கும்போது விரல் இழப்பு அதில் அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.

வாங்குவதற்கு முன் கற்றுக்கொள்ள விரும்புகிறவர், சயான் சுனாபட்டியிலேயே மத்திய அரசின் ஐடெமி நிறுவனம் இருப்பதை நினைவில் வைக்கட்டும். டூல் ரூம் பயிற்சியும், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வசதியும் அங்கே உண்டு. வாங்கியபின் யந்திரம் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட ஆணையம். சயான், தாராவி, மாதுங்கா மும்பை நகர மாவட்டத்தையும், செம்பூர் புறநகர் மாவட்டத்தையும் சேர்ந்தவை. வியாபாரி ராஜ்கோட்டிலோ லூதியானாவிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணம் ஏதுமில்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். யந்திரத்தைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு செய்துவிட வேண்டும். பில், கொட்டேஷன், அனுப்பிய கடிதங்கள் மூன்றையும் அதுவரை பத்திரப்படுத்தி வையுங்கள்.