தீயணைப்பு வீரர் வேலைக்கு நேர்முகத் தேர்வா? ஓட்டப் பயிற்சி மட்டும் போதாது

தீயணைப்பு மீட்புத் துறையில் சேர விரும்பும் நம் இளைஞர்கள் உடற்தகுதிச் சோதனைக்காக மாதக்கணக்கில் திடலைச் சுற்றி ஓடுகிறார்கள். நேர்முகத் தேர்வு என்றதும், கடைசி நேரத்தில் நாலு பதில்களை மனப்பாடம் செய்து கொண்டு போகிறவர்களும் உண்டு. அங்கேதான் பலருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

எஸ்பிஏ எனப்படும் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிப்பதற்குக் கட்டணம் கிடையாது. இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

பொம்பாவின் வேலை தீயை அணைப்பது மட்டுமே என்ற எண்ணத்தோடு தேர்வு அறைக்குள் நுழையக் கூடாது. 1993 டிசம்பரில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டது நாட்டின் மீட்புப் பணி பற்றிய சிந்தனையையே மாற்றியது. துறையின் பெயரில் ‘மீட்பு’ என்ற சொல் 1997இல்தான் சேர்ந்தது. இன்று சாலை விபத்து, வெள்ளம், மண்சரிவு முதல் வீட்டுக்குள் புகுந்த பாம்பு வரை எல்லாவற்றுக்கும் 999க்கு அழைப்பு வருகிறது. இந்தப் பணிகளுக்கு அடிப்படையான 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டத்தைப் பற்றியும் ஓரளவு தெரிந்திருப்பது நல்லது.

‘ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுவேன்’ என்ற பதில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது சரியான பதில் அல்ல. 2018 அக்டோபர் 3ஆம் தேதி பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவில் உள்ள பழைய ஈயக் குட்டையில் ஓர் இளைஞரைத் தேட இறங்கிய ஆறு வீரர்கள் நீரோட்டத்தில் சிக்கி உயிரிழந்தனர். அனைவரும் நீர் மீட்புப் பயிற்சி பெற்றவர்கள். மீட்கப் போனவரே விபத்தில் சிக்கினால் அவரையும் சேர்த்துத்தான் மற்றவர்கள் மீட்க வேண்டும். எனவே இடத்தின் ஆபத்தை முதலில் கணிப்பேன், தலைவரின் கட்டளைக்குக் காத்திருப்பேன், தனியாக உள்ளே நுழைய மாட்டேன் என்று சொல்பவருக்கே வேலை புரிந்திருக்கிறது.

அடிப்படை அறிவியலையும் காரணத்தோடு படிக்க வேண்டும். தீப்பற்றிய எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன்? தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை வெளியே வீசியடிக்கிறது. இதைத் தேசிய மொழியில் தடுமாறாமல் விளக்க முடிகிறதா என்று வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். நண்பர்களோடு பேசும் பாசார் மலாய் அங்கே எடுபடாது. எஸ்பிஎம் தேர்வில் மலாய் மொழிக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கும் இந்தப் பயிற்சி தேவை.

அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டு, ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு வருவது மிகவும் பயன்தரும். பள்ளியில் பொம்பா கேடட்டாகவோ பின்னர் தன்னார்வத் தீயணைப்புப் படையிலோ இருந்தவர்கள் அதை மறக்காமல் குறிப்பிட வேண்டும். சான்றிதழ் இருந்தால் கோப்பில் முன்னால் வைக்கலாம்.

இன்னொன்று, இது ஷிப்ட் வேலை. தீபாவளியன்றும் பணி இருக்கலாம். கூட்டரசு ஊழியர் என்பதால் சபா, சரவாக்கிற்கும் அனுப்பப்படலாம். ‘எங்கு அனுப்பினாலும் போவீர்களா?’ என்று கேட்கும்போது யோசிக்கத் தொடங்காமல், முன்பே அம்மா அப்பாவிடம் பேசி முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.